கூரை இல்லாத காரும் காலித் தீப்பெட்டியும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி கொடுத்தோம். சிலர் அதை இதற்குள் நசுக்கிவிட்டீர்கள். பரவாயில்லை, பின்வரிசை மேசையில் இன்னும் இருக்கின்றன. உள்தட்டை மட்டும் வெளியே எடுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, ஈரத்துணி பிழிவதுபோல மெதுவாக முறுக்குங்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் முறுகுகிறது அல்லவா? அதை வைத்துவிட்டு மேலுறையை எடுங்கள். எதிரெதிர் மூலைகளை அழுத்தினால் இணைகரமாகச் சரிந்து தட்டையாகிவிடுகிறது. இப்போது தட்டை உறைக்குள் செருகி, மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

அதே அட்டைதான். ஒரு கிராம்கூட கூடவில்லை. ஆனால் கை வலிக்கிறது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதைக் கொடுக்கலாம், பதினொன்றாம் வகுப்புக்கும் கொடுக்கலாம். நான் இந்தத் தீப்பெட்டிக்கு வந்து சேர்ந்தது ஒரு காரின் வழியாக. நம்மில் யாரும் வாங்கப்போகாத கார் அது. அந்த விஷயத்தில் நான் ஒரு தவறான பதில் சொல்லி, ஒருவருக்குப் பணச் செலவு வைத்தேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் தங்கையின் கணவர் இங்கிலாந்தில் வேலை செய்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் 1991ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த மேல் ஸ்போர்ட்ஸ் கார். மழை வந்தால் துணிக் கூரையை இழுத்து மூடிக்கொள்ளலாம், வெயில் வந்தால் மடித்துவிடலாம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்றார்கள். உலகில் மிக அதிகமாக விற்ற இரு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்று 2000ஆம் ஆண்டில் கின்னஸ் ஏற்றது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. சாதாரண மனிதர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தானே கழற்றி மாட்டி மகிழும் வண்டி என்று மாப்பிள்ளை சொல்வார்.

வாங்கிய ஒரு மாதத்தில் ஒரு குறை. மேடுபள்ளமான சாலையில் போனால் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி நடுங்குகிறது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் அசைகிறது, அதற்கு முன்னால் உள்ள பலகை வேறொரு பக்கம் அசைகிறது, கதவு தன் சட்டத்துக்குள் கடகடக்கிறது. அந்த ஊர் மெக்கானிக்குகள் இதை ஸ்கட்டில் ஷேக் என்கிறார்கள். கூரை இல்லாத வண்டிகளின் பரம்பரை நோய் இது. இதற்கு மருந்தாகக் கடைகளில் விதவிதமான பிரேஸ்கள் விற்கின்றன. வண்டியின் சேசிஸைப் பிடித்துக்கட்டும் கம்பிகளும் தகடுகளும்தான் அவை. கம்பெனி கொடுப்பவை அல்ல, வெளியார் தயாரித்து விற்பவை. அவர் அலைபேசியில் படங்களைக் காட்டி, "மச்சான், நீங்க சயின்ஸ் வாத்தியார். எதை வாங்கலாம், சொல்லுங்க" என்றார்.

நான் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். இன்ஜின் அறையில் முன்சக்கரங்களுக்கு மேலே பக்கத்துக்கு ஒரு கோபுரம்போல் உயர்ந்து நிற்கும். சுருள்வில்லின் மேல்முனை அதில்தான் உட்காரும். அந்த இரண்டு கோபுரங்களையும் குறுக்கே இணைக்கும் ஒரு பளபளப்பான கம்பி, ஸ்ட்ரட் பார். பார்க்கவே பலமாக இருந்தது. "இரும்பு கூடினால் விறைப்பு கூடும், இதையே போடுங்கள்" என்றேன். எதற்கு எதிரான விறைப்பு என்ற கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அவரும் நூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கி மாட்டினார்.

மாட்டிய வாரம் அழைத்து, "வண்டியே மாறிப்போச்சு மச்சான், அப்படியே இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் பெருமை. அடுத்த வாரம் தங்கை அழைத்தாள். "அண்ணா, அவர் சொல்றதை நம்பாதீங்க. கண்ணாடி முன்னாடி எப்படி ஆடுச்சோ அப்படியேதான் ஆடுது. காசு கொடுத்தவருக்குத்தான் வித்தியாசம் தெரியுது."

இந்தக் கதையை ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். கூடவே ஒரு ஷூ பெட்டியையும் கொண்டு போயிருந்தேன், கம்பி ஏன் வேலை செய்திருக்க வேண்டும் என்று நிரூபிக்க! மூடியைக் கழற்றி, பெட்டியின் வாய்க்குக் குறுக்கே ஒரு மூங்கில் குச்சியை ஒட்டினேன். கையால் முறுக்கிக் காட்டி, "பாருங்கள், இப்போது கெட்டியாக இருக்கிறது" என்றேன். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "சார், குச்சி ஒட்டுறதுக்கு முன்னாடி எவ்வளவு முறுகுச்சுன்னு அளந்தீங்களா?" என்று கேட்டாள்.

அளக்கவில்லை. மாப்பிள்ளை செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று அந்த நொடியில் உறைத்தது.

அளப்பதற்கு அவர்களே ஒரு ஏற்பாடு செய்தார்கள். பெட்டியின் ஒரு முனையைச் செங்கல்லோடு சேர்த்து டேப் போட்டு மேசையில் அசையாமல் கட்டினோம். மறுமுனையின் அடியில் சரியாக நடுவில் ஒரு பென்சில். அந்த முனையின் குறுக்கே 30 செ.மீ. அளவுகோலை ஒட்டினோம். அளவுகோலின் ஒரு நுனியில் ஒரு சின்னப் பையைத் தொங்கவிட்டு, அதில் ஐந்து ரூபாய் நாணயங்கள் போட்டோம். நுனி எவ்வளவு இறங்குகிறது என்று பின்னால் நிறுத்திய இன்னோர் அளவுகோலில் படிக்க வேண்டும். பென்சில் நடுவில் இருப்பதால் பெட்டி வளைந்து இறங்காது, முறுகி மட்டுமே இறங்கும். இந்தப் பென்சில் ஒரு மாணவனின் யோசனை, எனக்குத் தோன்றவில்லை.

மூடி இல்லாத வெறும் பெட்டியில் நுனி 38 மி.மீ. இறங்கியது. குறுக்குக் குச்சி ஒட்டிய பிறகு 36. ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்ப அளந்தபோதே இரண்டு மில்லிமீட்டர் முன்பின் வந்துகொண்டிருந்தது. ஆக, குச்சியால் பயன் இல்லை என்றுதான் எழுத வேண்டும். இரண்டு குச்சி, மூன்று குச்சி ஒட்டினோம். அதே கதை. மூடியை ஒட்டாமல் சும்மா மேலே வைத்தால் 30. மூடியின் நான்கு பக்கமும் டேப் ஒட்டினால் வெறும் 4! பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். எங்கள் பெட்டியின் எண்கள் இவை. உங்கள் பெட்டிக்கு வேறு வரும், ஆனால் வரிசை மாறாது.

குச்சி ஏன் தோற்றது? பெட்டி முறுகும்போது அதன் திறந்த வாயைப் பாருங்கள். செவ்வகமாக இருந்த வாய் இணைகரமாகச் சரிகிறது. குறுக்கே ஒரு குச்சி வைத்தால் ஒரு செவ்வகம் இரண்டு செவ்வகமாகிறது, அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து சரியும். செவ்வகத்துக்கு ஆணி எத்தனை அடித்தாலும் அது சரியும். மூலைவிட்டம் ஒன்று போட்டு முக்கோணமாக்கினால்தான் நிற்கும். நம் பள்ளியில் ஆடும் மேசைக்குத் தச்சர் வந்தால் என்ன செய்கிறார்? இரண்டு காலுக்கு நடுவே கிடையாக ஒரு சட்டம் அடிப்பதில்லை, சாய்வாக அடிக்கிறார். ஆறாம் வகுப்பில் ஐஸ் குச்சியும் குண்டூசியும் வைத்து நாமே இதைச் சொல்லிக்கொடுக்கிறோம். அதை ஒரு காரில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அடுத்து நூல். வாயின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இறுக்கமாக ஒரு நூல் கட்டி, அளவுகோலின் வலது நுனியில் பையைத் தொங்கவிட்டால் 14 மி.மீ. இடது நுனியில் தொங்கவிட்டால் 37. ஒரு பக்கம் முறுக்கினால் நூல் இழுபடுகிறது, மறுபக்கம் முறுக்கினால் தொளதொளவென்று தொங்குகிறது. பெருக்கல் குறிபோல இரண்டு நூல் கட்டினால் இரண்டு பக்கமும் 11. மூடி முழுவதற்கும் பதிலாக இரண்டு நூல்! அந்த வகுப்பு முடிந்து மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

காருக்கு வருவோம். ஸ்ட்ரட் பார் என்பது அந்தக் குறுக்குக் குச்சிதான். இரண்டு கோபுரங்களும் ஒன்றையொன்று நெருங்காமல், விலகாமல் பார்த்துக்கொள்ளும். வண்டி முழுவதும் முறுகுவதைத் தடுக்காது. அதிலும் இந்த வண்டியின் முதல் இரண்டு தலைமுறைகளில் நான்கு சக்கரத்துக்கும் இரட்டைக் கைகள் கொண்ட டபுள் விஷ்போன் அமைப்பு. வளைவில் திரும்பும்போது சக்கரம் தள்ளும் பக்கவாட்டு விசை பெரும்பாலும் கீழே உள்ள துணைச்சட்டத்துக்குப் போய்விடும். கோபுரத்துக்கு வருவது முக்கியமாகச் சுருள்வில்லின் விசை. மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டிகளில் கோபுரமே பக்கவாட்டு விசையில் ஒரு பங்கைத் தாங்குவதால் அங்கே அந்தக் கம்பிக்குக் கொஞ்சம் வேலை உண்டு. நான் வேறொரு நோயின் மருந்தைக் கொடுத்திருக்கிறேன்.

சரி, பெருக்கல் குறியை வாயில் கட்டலாமே என்றால், காரின் வாய் என்பது ஆள் உட்காரும் இடம். அங்கே கம்பி கட்டினால் ஏற முடியாது. மூடி போட முடியாத பெட்டியை எப்படி விறைப்பாக்குவது? திறந்த கார் செய்யும் ஒவ்வொரு பொறியாளருக்கும் இதே கணக்குதான். கூரையை வெட்டினால் வண்டி லேசாக வேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பொதுவாகக் கூரை உள்ள வண்டியை வெட்டித் திறந்த வண்டியாக்கினால் எடை கூடுகிறது. கூரை சும்மா செய்த வேலையைக் கீழே தகடு தகடாகச் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த வேலை குழாய்களிடம் போகிறது. ஒரு சார்ட் தாளைச் சுருட்டி, விளிம்பு நெடுக டேப் ஒட்டி முறுக்கிப் பாருங்கள். பிறகு டேப்பைக் கிழித்துவிட்டு முறுக்குங்கள். பிளவின் இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு முன்னும் பின்னும் நழுவுவது கண்ணுக்கே தெரியும். அந்த நழுவலைத் தடுப்பதுதான் டேப்பின் வேலை. 20 மி.மீ. ஆரமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள ஓர் உலோகக் குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழித்துவிட்டால் அதன் முறுக்கு விறைப்பு 1200இல் ஒரு பங்காகிவிடுகிறது. ஆரத்தைத் தடிமனால் வகுத்து, வர்க்கப்படுத்தி, மூன்றால் பெருக்குங்கள், வந்துவிடும். மூடிய மெல்லிய குழாயின் விறைப்பு அதனுள் அடைபடும் பரப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ருடால்ஃப் பிரெட் என்ற ஜெர்மன் பொறியாளர் 1896இல் எழுதினார். இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எதைச் சுற்றி வளைத்து மூடுகிறது என்பதே கேள்வி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு திறந்த கார்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு விடைத்தாள். லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் 1962இல் கொண்டுவந்த எலான் காரில் தகட்டாலான ஒரு மூடிய பெட்டி முதுகெலும்புபோல நடுவில் ஓடுகிறது. மேலே ஃபைபர் உடல். மஸ்டாக்காரர்களுக்கு முன்மாதிரியாக இருந்த வண்டிகளில் அதுவும் ஒன்று. அதே லோட்டஸ் 1996இல் எலிஸ் செய்தபோது அலுமினியக் குழாய்களைப் பசைபோட்டு ஒட்டி, பக்கங்களில் உயரமான பெட்டிகளாக வைத்தது. அதனால் அந்த வண்டிக்குள் ஏறுவதே ஒரு யோகாசனம். 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் வண்டியின் கதவுகள் பறவைச் சிறகுபோல மேல்நோக்கித் திறக்கும். அழகுக்காகச் செய்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். பக்கத்துக் குழாய்ச் சட்டம் அவ்வளவு உயரம், சாதாரணக் கதவு வைக்க இடமில்லை, அதனால்தான். 1957இல் அதையே திறந்த வண்டியாக்கியபோது பக்கச் சட்டத்தைத் தாழ்த்தி அமைத்து, சாதாரணக் கதவு வைத்தார்கள்.

நம் ஊருக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. இங்கே மூத்த ஆசிரியர்கள் சிலருக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நினைவிருக்கும். சென்னையில் செய்த வண்டி. அதன் மூலமான இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஹெரால்டு சேசிஸில் பக்கங்களில் ஓடிய வெளிச்சட்டங்களை எடுத்துவிட்டு, அந்த வேலையை உடலின் சில்லுக்குக் கொடுத்தார்கள். சில் என்றால் சக்கரத்தின் சில் அல்ல. கதவைத் திறந்ததும் நாம் கால் தூக்கித் தாண்டும் படி இருக்கிறதே, அதன் உள்ளே நீளமாக ஓடும் மூடிய தகட்டுப் பெட்டிக்கு அந்தப் பெயர். இந்தச் சில் பெட்டிதான் என் கதையில் இனி முக்கியம்.

எங்கள் ஷூ பெட்டிக்கும் சில் வைத்தோம். சார்ட் தாளை இரண்டு குழாயாகச் சுருட்டி, பெட்டியின் அடியில் இரண்டு நீள விளிம்புகளிலும் ஒட்டினோம். மூடி இல்லாமலேயே 38 என்பது 21 ஆனது. திறந்த கார் எப்படி நிற்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. அப்போது ஒரு மாணவன் என்னைக் கேட்காமலே ஒரு குழாயைப் பிளேடால் நீளமாகக் கீறிவிட்டான். அதட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவன் பையைத் தொங்கவிட்டு, "சார், 31" என்றான்.

ஒரே ஒரு குழாயில் ஒரு கீறல். குறுக்குக் குச்சி மூன்று வைத்தும் கிடைக்காத பத்து மில்லிமீட்டர், ஒரு கீறலில் போய்விட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளையின் வண்டி 1991ஆம் ஆண்டு வண்டி. அந்த ஊரில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அதன் சில் நலமாக இருக்கிறதா என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி ஆடுவதை ஒரு குறையாகத்தான் பார்த்தோம். அது ஒரு அறிகுறியாக இருந்தால்?

மறுநாள் அழைத்தேன். "பெயின்ட் பளபளன்னு இருக்கே மச்சான்" என்றார். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சில் நெடுகத் தட்டிக்கொண்டே போகச் சொன்னேன். முன்பக்கமெல்லாம் டிங் டிங் என்றது. பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் பொத் என்றது. அங்கே ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அழுத்தினார். உள்ளே போய்விட்டது. அலைபேசியில் அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த வண்டியில்தான் என் தங்கையும் உட்கார்ந்து போகிறாள்.

இந்த வண்டியில் இது தெரிந்த நோய்தான். துணிக் கூரையின் பின்ஓரத்தில் சேரும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு வடிகால் குழாய் வழியாகக் கீழே இறங்கி வெளியேற வேண்டும். இலையும் தூசும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் தண்ணீர் வழிந்து சில் பக்கம் தங்கிவிடுகிறது. உள்ளிருந்து துரு ஏறுகிறது. வெளிப்பெயின்டுக்குக் கடைசியில்தான் தெரியும். விபத்தில் பக்கவாட்டு மோதலைத் தாங்க வேண்டிய உறுப்பும் அந்தச் சில்தான், ஜாக்கி வைக்கும் இடமும் அதன் விளிம்புதான். இங்கிலாந்தில் மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு எம்.ஓ.டி. என்ற வருடாந்திரப் பரிசோதனை உண்டு. சில் இப்படித் துருப்பிடித்திருந்தால் தேறாது. அதன்மேல் இன்னும் நான்கு பிரேஸ் வாங்கிப் பூட்டியிருந்தால் ஆட்டம் கொஞ்சம் அடங்கியிருக்கும், நோய் மறைந்திருக்கும். நான் சொன்னதைக் கேட்டு அவர் வாங்கியது நல்ல வேளையாக எந்தப் பயனும் இல்லாத கம்பி.

வெல்டரிடம் விட்டார். அந்த வெல்டர் செய்த முதல் வேலையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். துருப்பிடித்த தகட்டை வெட்டுவதற்கு முன், கதவைக் கழற்றிவிட்டு, கதவு இருந்த வெற்றிடத்தில் இரும்புப் பட்டையை மூலைக்கு மூலை சாய்வாக வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்திருந்தார். திறந்த வண்டியில் சில்லை வெட்டினால் நடுவில் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. வண்டி தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்தால் பிறகு எந்தக் காலத்திலும் கதவு சரியாக மூடாது. படத்தை வகுப்பில் காட்டினேன். நான் ஒன்றும் சொல்வதற்கு முன் அந்த முன்வரிசை மாணவி, "மூலைவிட்டம் சார்!" என்றாள். வேலை முடிந்ததும் அந்தப் பட்டையை வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். இந்தக் கதையில் வந்த பிரேஸ்களிலேயே ஐயமில்லாமல் பயன்பட்டது அது ஒன்றுதான்.

இந்த முறை அளந்தோம். ஷூ பெட்டி கற்றுக்கொடுத்த புத்தி. பெரிய கருவி ஒன்றும் இல்லை, ஏ4 தாள்தான். ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். தாளைத் துண்டுகளாக வெட்டி அடுக்கி, கதவின் பின்விளிம்பில் மேற்பக்கம் உள்ள இடைவெளியில் எத்தனை துண்டு நுழைகிறது என்று எண்ண வேண்டும். பிறகு முன்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, மறுபடி எண்ண வேண்டும். வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். துருப்பிடிக்காத இடமாகப் பார்த்து ஜாக்கி வைத்து, வெல்டிங்குக்கு முன்பே இந்தக் கணக்கை எடுத்துவிட்டார். சமதரையில் 46 தாள், மூலையைத் தூக்கினால் 37. அதாவது கதவு இருக்கும் வெற்றிடமே ஒன்பது தாள் அளவு கோணலாகிறது. ஸ்ட்ரட் பாரைக் கழற்றிவிட்டு எண்ணியபோதும் அதே 37. மாப்பிள்ளை அதை இரண்டு முறை எண்ணினார், பாவம்.

சில் சரியான பிறகு 46க்கு 41. ஒன்பது தாள் ஐந்தாகக் குறைந்தது. அதன்பிறகுதான் மறுபடி பிரேஸ் பேச்சை எடுத்தோம். இந்த வண்டியின் தரைக்கு அடியில் மெல்லிய தகட்டாலான இரண்டு நீளச் சட்டங்கள் ஓடுகின்றன. தவறான இடத்தில் ஜாக்கி வைத்தே பல வண்டிகளில் அவை நசுங்கியிருக்கும். அவற்றின்மேல் கவிழ்த்துப் பூட்டும் கெட்டியான உறை கிடைக்கிறது. இரண்டு சட்டங்களையும் சாய்வான கம்பிகளால் இணைக்கும் பட்டாம்பூச்சி வடிவ பிரேஸும் உண்டு. கியர்பாக்ஸ் ஓடும் நடுக்குடைவு கீழே திறந்த ஒரு பள்ளம், கீறிய குழாய் மாதிரி. பட்டாம்பூச்சி அதன் அடிவாயைக் குறுக்கும் நெடுக்குமாக மூடுகிறது, எங்கள் இரண்டு நூல்போல. மஸ்டாவே 1.8 லிட்டர் இன்ஜின் போட்டபோது இருக்கைகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் கோபுரங்களை இணைக்கும் ஒரு கம்பியையும், முன்பின் துணைச்சட்டங்களுக்குப் பிரேஸ்களையும் சேர்த்தது. கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் எல்லா எம்எக்ஸ்-5இலும் உண்டு. அதைச் சிலர் உடலை விறைப்பாக்கும் சட்டம் என்று சொல்கிறார்கள். அது இன்ஜினும் பின்அச்சும் ஒன்றுக்கொன்று அசையாமல் இருக்க வைத்தது. இருக்கைக்குப் பின்னால் நிக்கல் பூசி வளைத்துவைக்கும் அலங்கார வளையத்தைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

சட்ட உறையும் பட்டாம்பூச்சியும் போட்ட பிறகு 46க்கு 43. கண்ணாடி ஆடுவது குறைந்துவிட்டது என்று தங்கையே சொன்னாள், ஆகவே நம்பினேன். எல்லாப் போல்ட்டும் சரியான முறுக்கத்தில் இறுகியிருக்க வேண்டும், நழுவினால் அது மேலே சும்மா வைத்த மூடி. மாப்பிள்ளைக்கு உற்சாகம் கூடி, "இன்னும் ஒரு செட் போடட்டுமா?" என்றார். அவருக்கு நான் பதினொன்றாம் வகுப்பு 'அலைவுகள்' பாடத்தை அனுப்பினேன். சக்கரத்தின் சுருள்வில்லும் வண்டியின் உடலும் தொடராக இணைந்த இரண்டு சுருள்வில்கள். சஸ்பென்ஷன் 100, உடல் 100 என்றால் மொத்தம் 50. வளைவில் வண்டி எப்படிச் சாய வேண்டும் என்று சஸ்பென்ஷன் சொல்வதில் பாதியை உடல் விழுங்கிவிடுகிறது. உடலை 1000 ஆக்கினால் 90.9. 2000 ஆக்கினால் 95.2. 4000 ஆக்கினால் 97.6. ஆயிரத்துக்குப் பிறகு காசை இரட்டிப்பாகக் கொட்டினாலும் வருவது இரண்டு நான்கு புள்ளிதான், எடை மட்டும் ஏறிக்கொண்டே போகும். தொடரிணைப்புக் கணக்கை நான் இத்தனை ஆண்டு கரும்பலகையில் போட்டிருக்கிறேன். ஏன் சார் இதைப் படிக்கணும் என்று கேட்ட பிள்ளைக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. இப்போது அந்த இடத்தில் ஒரு கார் நிற்கிறது.

அந்த ஷூ பெட்டி எங்கள் ஆய்வகத்தில் இன்னும் இருக்கிறது. கீறிய குழாயை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறோம். ஸ்ட்ரட் பார் எங்கே என்று ஒரு மாணவன் கேட்டதால் தங்கையிடம் விசாரித்தேன். குளியலறைக்கு வெளியே இரண்டு ஆணியில் மாட்டி, துண்டு காயப்போடுகிறாளாம். குறுக்கே நன்றாகத்தான் நிற்கிறதாம்.

மீதித் தீப்பெட்டிகளைத் தயவுசெய்து மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வகுப்புக்கு எடுத்துப் போங்கள்.